நெஞ்சு டப்பா

என் அண்ணன் டப்பா வியாபாரி. வட்ட டப்பா, சதுர டப்பா, பூட்டு வைத்தது, ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு அடங்குவது என்று அவன் கடையில் இல்லாத பிளாஸ்டிக் டப்பா உலகத்திலேயே கிடையாது. இதை அவன் சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன், வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவன் வீட்டில் எந்தச் சாமானும் வாங்கி வந்த உறையோடு தங்காது. சோப்புத்தூளானாலும் சரி, சட்டைப் பொத்தானானாலும் சரி, அண்ணி அன்றைக்கே அதைக் கொட்டி, உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிகிற டப்பாவில் அடைத்து, அலமாரியில் அடுக்கிய பிறகுதான் உட்காருவாள்.

நான் நர்ஸ். இதய வார்டு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். தப்பு, மூக்கு வரைக்கும் போக அதற்குப் பொறுமை கிடையாது. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, முழுங்கிவிட்டேன் என்று சாதிக்கிற ஆசாமிகள் வார்டில் எல்லாரையும் ஏமாற்றுவார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும், நான் கேட்பதற்கு முன்னாலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிவிடுவார்கள். ஆனால் அண்ணனிடம் என் பாச்சா பலிக்காது. பாதித் தலை நரைத்தும் அவனுக்கு நான் இன்னும் 'பாப்பா'தான். கல்யாணம் காட்சி என்று நான் ஒன்றும் பண்ணிக்கொள்ளவில்லை, அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். அவனுக்கு ஒன்று என்றால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

வாளிக் கட்டு ஒன்றை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போதுதான் அவனுக்கு முதலில் நெஞ்சு வலித்தது. கேஸ் என்றான். கேஸ், கேஸ் என்றே சொல்லிக்கொண்டு பாட்டில் பாட்டிலாக சோடா குடித்தான். கடைசியில் நான் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுபோய் எங்கள் டாக்டர் முன்னால் உட்கார வைத்தேன். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று சுருங்கியிருக்கிறது, சும்மா இருந்தால் அது தாங்கும், பாரம் தூக்கினால் தாங்காது, அதுதான் இந்த வலி என்றார் டாக்டர். இப்போதைக்கு மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வலி அடிக்கடி வந்தாலோ, மாத்திரைக்கு அடங்காமல் போனாலோ உடனே வர வேண்டும், அப்போது உள்ளே குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும் என்றும் சொன்னார். உள்ளே குழாய் என்றதும் அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று.

மாத்திரைப் பாடம் நடத்தியது நான்தான். தினமும் போடுகிற மாத்திரைகள் இரண்டு. ஒன்று இதயத்தைப் பதற்றமில்லாமல் துடிக்க வைக்கும், நன்றாக இருக்கிறதே என்று அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இன்னொன்று ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதுதான் ராஜா. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மாத்திரை, பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டிலில் வரும். வலி வந்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு முதலில் உட்கார வேண்டும். நாக்குக்கு அடியில் ஒன்றை வைக்க வேண்டும். கடிக்கக் கூடாது, முழுங்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் வலி குறையாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த மாத்திரை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆண்மைக்குப் போடுகிற அந்த வகை மாத்திரை ஏதாவது எடுத்துக்கொள்கிறாயா, எடுத்தால் இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைப் பாதாளத்தில் இறக்கிவிடும் என்று கேட்பதும் பாடத்தில் ஒரு பகுதி. வார்டில் கல்யாணமான பேரன் இருக்கிறவரிடம்கூடக் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டிருக்கிறேன். அண்ணனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வார்டு ஆண் நர்ஸை, பிரதர் என்போம், அனுப்பிவிட்டு வராண்டாவில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரதர் வெளியே வந்து இல்லை என்று தலையாட்டினார். பின்னாலேயே அண்ணன் காதெல்லாம் சிவந்து வந்தான். அண்ணி என்ன விஷயம் என்று கேட்டாள். இருமல் இருக்கிறதா என்று கேட்டார்கள் என்றான்.

முதல் தடவை மாத்திரையை வைத்துக்கொண்ட அன்றைக்கு எனக்குப் போன் போட்டுச் சண்டைக்கே வந்துவிட்டான். "நெஞ்சுல இருந்த வலியை இறக்கித் தலையில ஏத்திட்டியே பாப்பா. இதுக்குப் பேர் வைத்தியமா?" என்றான். குழாய்களை அகலமாக்குகிற மருந்து தலையில் இருக்கிற குழாயையும் விடாது, தலை வலித்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், நெஞ்சு வலி போயிற்றா இல்லையா என்று கேட்டேன். அது நின்றுவிட்டது என்றான், ஏதோ எனக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி.

அந்தச் சமயம் பார்த்து ஆஸ்பத்திரி வேறு ஊரில் ஒரு கிளை திறந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு வேலை பழக்கிக் கொடு என்று என்னை அங்கே அனுப்பினார்கள். சில மாதம் அங்கேயே இருந்தேன். வாரம் தவறாமல் போனில் பேசுவோம். ஒரு நாள் அண்ணன் குரலில் கும்மாளம் தாங்கவில்லை. தலைவலி சுத்தமாக நின்றுவிட்டது, இப்போதுதான் மாத்திரை உடம்புக்குப் பிடித்திருக்கிறது என்றான். பழகப் பழகத் தலைவலி குறைவது உண்டுதான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். வலி எப்படி இருக்கிறது என்றால், அது பாட்டுக்கு இருக்கிறது, நீ சாப்பிட்டாயா என்பான்.

வேலை முடிந்து திரும்பியதும் பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். உச்சி வெயில் கண்ணாடி வழியாகக் கல்லா வரைக்கும் விழுந்து கிடந்தது. வாளிகளும் முறங்களும் கூரையிலிருந்து தொங்கின. புது பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. கல்லாவுக்கு மேலே ஒரு கம்பியில் கட்டைவிரல் அளவு டப்பாக்கள், கயிறு கோத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஓர் அட்டை: 'நெஞ்சு டப்பா. ஆபத்தில் அருகில் இருப்பது.' அண்ணன் கழுத்திலும் ஒன்று தொங்கியது. சட்டைக்கு வெளியே, எல்லாரும் பார்க்கிற மாதிரி. உள்ளே பஞ்சு மெத்தை போட்டு, அதன் மேல் என் வெள்ளை மாத்திரைகள் படுத்திருந்தன.

நான் கிட்டப் போய் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அவனுக்கோ பெருமை பிடிபடவில்லை. பழுப்புப் பாட்டிலைப் பார்த்தாலே நோயாளி என்ற நினைப்பு வருகிறதாம். எத்தனை மாத்திரை பாக்கி என்று வெளியே தெரிவதில்லையாம். சட்டைப் பையில் கலகலவென்று சத்தம் போடுகிறதாம், கீழே விழுந்தால் உடைகிறதாம். அதனால் அவனே படம் போட்டுக் கொடுத்து, அச்சு வெட்டச் சொல்லி, இந்த டப்பாவைச் செய்ய வைத்திருக்கிறான். பஞ்சு வைக்கச் சொன்னது அண்ணியின் யோசனை, சத்தம் வராமல் இருக்க. தெருவில் நெஞ்சு வலிக்காரர்கள் எல்லாரும் வந்து வாங்கிப்போனார்கள் என்றான். எதிர்க்கடைத் தையல்காரர், மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார், பூட்டு ரிப்பேர்க்காரர், எல்லார் கழுத்திலும் இப்போது நெஞ்சு டப்பாதான். மருந்துக்கடைக்காரர் மட்டும் இது சரியில்லை, மாத்திரையைப் பாட்டிலை விட்டு எடுக்கக் கூடாது என்று ஏதோ சொன்னாராம். அவருக்குப் பொறாமை, நான் பேச்சையே நிறுத்திவிட்டேன் என்றான்.

நான் கத்தினேன். வார்டில் கத்துவதெல்லாம் அன்றைக்கு நான் கத்தினதற்கு முன்னால் கொஞ்சல். அந்தப் பாட்டில் பழுப்பாக இருப்பது அழகுக்கில்லை, வெளிச்சம் படாமல் இருக்க. மூடி இறுக்கமாக இருப்பது காற்றுப் படாமல் இருக்க. இந்த மருந்து கற்பூரம் மாதிரி ஆவியாகிப் போய்விடும், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், பஞ்சு அதை உறிஞ்சிக்கொள்ளும். இவன் அதைப் பஞ்சில் சுற்றி, பிளாஸ்டிக்கில் போட்டு, வெயிலில் உட்கார்ந்து, உடம்புச் சூட்டில் அடைகாத்துக்கொண்டிருக்கிறான். பாட்டில் எங்கே என்றேன். அன்றைக்கே குப்பையில் போட்டாயிற்று என்றாள் பக்கத்தில் டப்பா அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி, அது நல்ல பழக்கம் என்கிற முகத்தோடு.

அண்ணன் டப்பாவைத் தூக்கிப் பார்த்தான். "ஆவியாப் போயிருந்தா எண்ணிக்கை குறையணுமே. எல்லாம் அப்படியேதானே இருக்கு?" என்றான்.

"உருவம் இருக்கு. உயிர் இல்ல," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தலைவலி எப்போது நின்றது என்று கேட்டேன். டப்பாவுக்கு மாற்றிய சில நாளில் என்றான், அதையும் டப்பாவின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு. அப்படியானால் நெஞ்சு வலி வந்தால் நிற்கிறதா என்று கேட்டேன். அந்த நேரம் வாசலில் சரக்கு வண்டி வந்து நின்றது. வேலையாள் இறக்குவான், நீ என் கேள்விக்குப் பதில் சொல் என்றேன். கேட்காத மாதிரி எழுந்து போய், தொட்டிக் கட்டு ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தான். என்னிடமிருந்து தப்பிப்பதற்காகவே அதைத் தூக்கினான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மூன்றாவது எட்டில் கட்டு கீழே விழுந்தது. அவன் முகம் சாம்பலாகிவிட்டது. நெற்றியெல்லாம் வேர்த்து, கையை முஷ்டியாக்கி நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டான். நான் பிடித்து, கவிழ்த்துப் போட்டிருந்த பெரிய தொட்டி ஒன்றின் மேல் உட்கார வைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். அந்த நிலைமையிலும் அவன் கை கழுத்து டப்பாவைத்தான் தேடியது. அதை அறுத்து எறிந்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு, மருந்துக்கடைக்கு ஓடுங்கள், மூடி திறக்காத பாட்டில் வேண்டும் என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி ஓடி நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்று மழை கொட்டியபோதுகூட நடந்துதான் வந்தாள். அன்றைக்குச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

அதற்குள் தெருவே கடைக்குள் வந்துவிட்டது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து, தன் நெஞ்சு டப்பாவைக் கழற்றி நீட்டினார். இந்தாங்க சிஸ்டர், என்னோடதைப் போடுங்க என்றார். பஞ்சு மஞ்சளாகியிருந்தது. வேண்டாம் என்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூட்டுக்காரர் வந்து அவருடையதை நீட்டினார். அவர் மாத்திரையில் கொஞ்சம் கிரீஸ் வேறு. நாலைந்து கைகள் ஒரே நேரத்தில் என் முகத்துக்கு நேராக நீண்டன, எல்லாவற்றிலும் என் அண்ணனின் டப்பா. இவ்வளவு நல்ல மனுஷர்கள், எல்லார் கையிலும் இருப்பது சுண்ணாம்பு. கணக்கு வாத்தியார் மட்டும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு மாத்திரையிலும் கொஞ்சமாவது வீரியம் மிச்சம் இருக்கும், ஆகையால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வாயில் போட்டால் மொத்தம் ஒரு நல்ல மாத்திரைக்குச் சமமாகும் என்று நிதானமாக விளக்கினார். எதில் எவ்வளவு மிச்சம் என்று உங்களுக்குத் தெரியுமா சார் என்று கேட்டேன். தெரியாது என்றார். அப்படியானால் தள்ளி நில்லுங்கள், காற்று வரட்டும் என்றேன்.

அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தேன். நாடி படபடவென்று அடித்தது. எத்தனை பேருக்கு இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் ஆகாது, மெதுவாக மூச்சு விடுங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அந்த வார்த்தை ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. இவன் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவனோ என்னைப் பார்த்து, நீ ஏன் பாப்பா இப்படி வேர்க்கிறாய் என்று கேட்டான்.

மருந்துக்கடைக்காரர் சாப்பாட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாராம். அண்ணி ஷட்டரைத் தட்டிய வேகத்தில், சோறு பிசைந்த கையோடு எழுந்து வந்திருக்கிறார். அண்ணியிடம் கொடுத்து அனுப்பாமல் அவரே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் முன்பே சொன்னேனா இல்லையா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவும் செய்தார், ஆனால் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்த பிறகு. நான் மாத்திரையை எடுத்து அண்ணன் நாக்குக்கு அடியில் வைத்து, முழுங்காதே, பேசாதே என்றேன். தையல்காரர் தன் நாக்கையும் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அண்ணன் முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. கண்ணை இறுக்க மூடினான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, தலை பிளக்குது," என்றான்.

அண்ணி ஓவென்று அழ ஆரம்பித்தாள். அழாதீங்க அண்ணி, அது நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே நானும் அழுதேன். தையல்காரர் வாசலுக்குப் போய், தலை வலிக்கிறதாம் என்று வெளியே நின்றவர்களுக்கு அறிவித்தார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் சந்தோஷப்பட்டார்கள். வலி பாதிக்கு மேல் இறங்கிவிட்டது, ஆனால் முழுதாக விடவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்து நான் இன்னொரு மாத்திரை வைக்கவும் ஆம்புலன்ஸ் வரவும் சரியாக இருந்தது. வண்டியில் ஏறும்போது, கடையை மூடு, வெயிலில் வைத்தால் நீலத் தொட்டி வெளுத்துவிடும் என்று வேலையாளிடம் சொன்னான். தொட்டி வெளுக்கும் என்று தெரிந்தவனுக்கு மாத்திரை வெளுக்கும் என்று தெரியவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிதான், எங்கள் வார்டுதான். அன்றைக்கே உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். அவன் பயந்த மாதிரி நெஞ்சைக் கிழிக்கவில்லை. மணிக்கட்டு வழியாகவே போய், சுருங்கின இடத்தை விரித்து, மறுபடி சுருங்காமல் ஒரு சின்ன வலைக்குழாயை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். மாரடைப்பு வரைக்கும் போகவில்லை, நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் அண்ணி வீடு வீடாகப் போய் நெஞ்சு டப்பாக்களைத் திரும்ப வாங்கினாள், மருந்துக்கடைக்காரர் பின்னாலேயே போய் எல்லாருக்கும் பழுப்புப் பாட்டில் கொடுத்தார். பூட்டுக்காரர் மட்டும் டப்பாவைத் தர மறுத்தார், திருகாணி வைக்க வசதியாக இருக்கிறதாம்.

அன்று சாயங்காலம் அண்ணி வார்டுக்கு வந்தாள். கையில் அகலமாக ஒரு காகிதப் பொட்டலம். போட்டோ ஸ்டூடியோ ஆள் கடையில் கொடுத்துவிட்டுப் போனானாம், முதலாளி சொன்ன சட்டம் போட்டு ரெடியாகிவிட்டது என்றானாம். அண்ணி அதைப் பிரித்துப் படுக்கையில் வைத்தாள். அண்ணனின் படம். பெரிய படம். கோட்டுப் போட்டு, தலைக்குச் சாயம் அடித்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே பெயரும், பிறந்த தேதியும், ஒரு சின்னக் கோடும் இருந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக விட்டிருந்தது.

அண்ணிக்கு அது என்ன என்று புரிந்திருந்தது. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் புரிந்தது. ஆனாலும் என்னடா இது என்று கேட்டேன். கோபம் வந்தால் அண்ணன் என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மாத்திரை போட்டும் வலி நிக்கல பாப்பா. ஒண்ணு போட்டுப் பார்த்தேன், ரெண்டு போட்டுப் பார்த்தேன். சும்மா உக்காந்திருந்தாலே வர ஆரம்பிச்சுது. சரி, மருந்துக்கு அடங்கல, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குழாய் என்றால் பயம் என்றான். அது எனக்குத் தெரியும், வேறென்ன என்றேன். போர்வை ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னான். "நீ வார்டுல தினமும் இதைத்தானே பாக்கற. வீட்டுலயும் எதுக்குன்னு விட்டுட்டேன்."

நான் போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டபோதெல்லாம், நீ சாப்பிட்டாயா என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தது, கல்லாவுக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துதான். வலி தானாக அடங்கும் வரை உட்கார்ந்திருந்து, அடங்கியதும் எழுந்து தெருவிலிருக்கிறவர்களுக்கெல்லாம் டப்பா மாட்டியிருக்கிறான். "உனக்கே வேலை செய்யாத மாத்திரையை வெச்சுக்கிட்டு, அந்த டப்பாவை எதுக்குடா ஊருக்கெல்லாம் மாட்டின?" என்று கேட்டேன்.

அவன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. உண்மையாகவே யோசித்தான். "கோளாறு எங்கிட்டன்னுதான் நினைச்சேன்," என்றான். "டப்பா மேல எனக்குச் சந்தேகமே வரல."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. திட்டினேன். அவன் பிறந்ததிலிருந்து அன்றைக்கு வரைக்கும் ஒன்று விடாமல் திட்டினேன். மூளை இருக்கிறதா, அதையும் ஏதாவது டப்பாவில் போட்டு மூடிவிட்டாயா என்று கேட்டேன். நீ செத்துப்போயிருந்தால் நான் யார் வீட்டில் போய் நின்று சண்டை போடுவேன் என்று கேட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். கிளைக்குப் போகும் முன் நான் பழக்கிவிட்ட சின்ன நர்ஸ் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, சிஸ்டர், பேஷன்ட்டுக்கு ஓய்வு வேண்டும், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான். முந்தின வாரம்வரை கிளையில் அப்படிச் சத்தம் போடுகிறவர்களை வார்டை விட்டு வெளியே அனுப்பியவள் நான்.

படத்தை எடுத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையை எடுத்து நாடியில் விரலை வைத்தேன். ஒழுங்காக, அவசரமில்லாமல் அடித்தது. அவன் தலைமாட்டில் மினுக்கிக்கொண்டிருந்த மானிட்டரைக் காட்டி, அதிலேயே எல்லாம் தெரிகிறதே, நீ எதற்குப் பிடித்துப் பார்க்கிறாய் என்று கேட்டான். வாயை மூடிக்கொண்டு படு என்றேன். விரலை எடுக்கவில்லை.